உப்புக்கோடு

சத்துவாச்சாரி. மூன்றாம் மாடி.
சித்திரை பிறந்து பத்து நாள்.
பன்னிரண்டு பைகள் வைத்திருக்கிறேன்; அதில் ஒன்பதில்
ஏதோ சரியில்லை.

கத்திரி இலையின் ஓரம்
பீடியால் சுட்டதுபோல் கருகுகிறது.
மிளகாய் கொழுந்தைச் சுருட்டிக்கொண்டு
யாரோடும் பேசமாட்டேன் என்கிறது.
வெண்டை மட்டும் நிற்கிறது
ஒரே ஒரு காயோடு. முற்றிய காய்,
நுனியை ஒடித்தால் ஒடியாது, வளையும்.

பகலெல்லாம் எனக்கு ரத்தம் பார்க்கும் வேலை.
யூரியா, கிரியாட்டினின், சோடியம்.
முகம் பார்த்திராத ஒருவரின் சிறுநீரகம்
எங்கே தடுக்குகிறது என்று
இரண்டு சொட்டில் சொல்லிவிடுவேன்.
வீட்டுக்கு வந்து
இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
ஒன்றும் விளங்காமல் நிற்பேன்.

வாடினால் தாகம் என்று நினைத்தேன்.
காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம்.
இன்னும் வாடியது. இன்னும் ஊற்றினேன்.
விரலை விட்டால்
முதல் கணு வரை பொருக்கு,
இரண்டாம் கணுவில் சேறு,
அதற்குக் கீழே சாக்கடை வாசனை.

பிறகு வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல்.
உச்சி வெயிலில் தெளித்தேன் என்பதை
யாரிடமும் சொல்லவில்லை.
இலை வறுபட்டது.
பிறகு புளித்த மோர்.
எதிர்வீட்டுப் பூனை வந்து பைகளை நக்கிவிட்டுப் போனது.

நர்சரிக்காரர் ஒரு பாக்கெட்டைக் கையில் திணித்து
"இத போடும்மா, அப்படியே தூக்கிக்கும்" என்றார்.
மூன்றாம் நாள் தக்காளியை
வேரோடு நான்தான் தூக்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
குளியலறை வாளியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
போர் தண்ணீர் விட்டுப்போன வெள்ளைக் கோடு,
நகத்தில் மாவாக ஒட்டியது. நாக்கில் வைத்தேன்.
கை கழுவாமல் மாடிக்கு ஓடினேன்.
அதே கோடு
ஒவ்வொரு பையின் விளிம்பிலும்.
இத்தனை நாள் அதை
உரம் என்று நினைத்திருந்தேன்.

காவிரித் தண்ணீர் வருவது எட்டு நாளைக்கொரு தரம்.
அது குடிக்க, உலை வைக்க.
கத்திரிக்காய்க்குக் கொடுத்தால்
வீட்டில் என்னை ஊற்றிவிடுவார்கள்.

பக்கத்து மாடி யூனுஸ் பாய் வீட்டு ஏசி
எங்கள் சுவரில் சொட்டும்.
போன மே மாதம் அதற்காகத்தான் சண்டை.
சுண்ணாம்பு உரிகிறது, பாசி பிடிக்கிறது என்று
தெருவே கேட்கக் கத்தினேன்.
பதினோரு மாதமாகப் பேச்சில்லை.
வாளியோடு போய்க் கதவைத் தட்டினேன்.
"அந்தத் தண்ணிய... பிடிச்சிக்கட்டுமா?"
வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"சொவரு இன்னா ஆவறது?" என்றார்,
சிரிக்காமல்.

மறுநாள் காலை
நீல டியூப் ஒன்று சுவரைத் தாண்டி வந்து
என் பக்கம் வாயைத் திறந்திருந்தது.

ராத்திரிக்கு ஆறு லிட்டர்.
பைக்கு ஒன்றாக உப்பைக் கழுவி இறக்கினேன்.
அடியில் அடைத்திருந்த துளைகளைத் துடைப்பக் குச்சியால் குத்தினேன்.
கறுப்புப் பைகளுக்குப் பழைய வேட்டியைச் சுற்றினேன்,
வேர் வேகாமல் இருக்க.
மிளகாயைப் பிடுங்கிப் போட்டேன். இலையடியில்
வெள்ளை ஈ குடித்தனம்; அதற்கு உப்பு வியாதியே இல்லை.
ஒரே வாரத்தில் நாலு மாற்றம்.
ஆய்வகத்தில் இப்படிச் செய்தால்
எது மருந்து என்று எவராலும் சொல்லமுடியாது.
எனக்கும் தெரியாது.

பூ வந்தது, ஊதா நிறத்தில், தலை கவிழ்ந்து.
பாதி உதிர்ந்தது. நாற்பத்திரண்டு டிகிரியில்
நானே உதிர்ந்துவிடுவேன் போலிருந்தது, கோபப்படவில்லை.

ஆனி முதல் வாரம் ஒரு காய்.
இலவம்பாடி முள்ளுக் கத்திரி, விதை வாங்கும்போதே
முள் இருக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.
காம்பைப் பிடித்ததும் விரலில் ஏறியது.
ஒரு சொட்டு.
பழக்கதோஷம், வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தேன்.

பார்த்துக்கொண்டிருந்ததில்
வாளி நிரம்பி
யூனுஸ் பாய் சுவரில் வழிந்துகொண்டிருந்தது.